விரலிலிருந்து சக்கரத்துக்கு

மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் உடல் வண்டியைத் தொடும் இடங்கள் மிகச் சிலவே. இருக்கையும் கால்மிதிகளும் எடையைத் தாங்குகின்றன. கைப்பிடிகள் திசையைக் காக்கின்றன. அவற்றுக்கு முன்னால் நீண்டிருக்கும் இரண்டு லிவர்கள், வேகத்தைக் குறைக்கவோ எஞ்சினைச் சக்கரத்திலிருந்து பிரிக்கவோ ஓட்டுபவர் நினைத்த கணத்திலேயே அதைச் செய்துமுடிக்கும் பொறுப்பை ஏற்றிருக்கின்றன. ஆயினும் வண்டி வாங்குவோர் மைலேஜையும் மாதத் தவணையையும் விசாரிக்கும் அக்கறையில் ஒரு சிறு பங்கைக்கூட, லிவர் தம் விரலுக்கு ஒழுங்காக எட்டுகிறதா என்று பார்ப்பதில் காட்டுவதில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே அது இருக்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அந்த எண்ணம் தவறானது. கைக்கு ஏற்ப லிவரைப் பொருத்த வேண்டும் என்பதற்கு இயற்பியலும் உடலியலும் சேர்ந்தே காரணம் காட்டுகின்றன.

கடலூர் மாவட்டத்தின் தென்பகுதியில், சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் செல்லும் சாலையில் இருக்கும் குமராட்சியும் அதைச் சுற்றிய ஒன்றியத்து ஊர்களும் இதை ஆராய்வதற்குத் தகுந்த களம். கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையின் நீரால் நெல் விளையும் பகுதி இது. இங்கே ஒரே வண்டி காலையில் வாய்க்காலின் களிமண் கரை மீதும், நண்பகலில் தார்ச்சாலையிலும், மாலையில் சிதம்பரத்தின் கீழவீதி, மேலவீதி நெரிசலிலும் ஓட வேண்டியிருக்கிறது. சம்பா அறுவடை முடிந்த நாட்களில் சாலையின் ஒரு பாதியில் நெல் காய்வதால், டயருக்கும் தாருக்கும் இடையே உருளும் மணிகளின் மீதும் பிரேக் பிடிக்க நேரிடுகிறது. கரையில் பிரேக்கை மெல்லத் தடவ வேண்டும். தார்ச்சாலையில் மாடு குறுக்கே வந்தால் முழு வலுவோடு அழுத்த வேண்டும். வீதி நெரிசலில் கிளட்சை ஓயாமல் பிடித்து விட வேண்டும். இந்த மூன்று வேலைகளுக்கும் கருவி அந்த இரண்டு லிவர்களே.

லிவரின் அடிப்படைக் கணக்கு எளிது. ஆணி கோத்த இடம் தாங்குபுள்ளி. அங்கிருந்து கேபிள் மாட்டிய இடம் 25 மில்லிமீட்டர் தொலைவிலும் விரல் அழுத்தும் இடம் 125 மில்லிமீட்டர் தொலைவிலும் இருந்தால், விரலின் விசை கேபிளில் ஐந்து மடங்காகிறது, அதற்கு ஈடாக விரல் ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்தால்தான் கேபிள் ஒரு சென்டிமீட்டர் நகர்கிறது. விசையில் கிடைக்கும் லாபம் தொலைவில் கழிந்துவிடும் என்ற இந்த விதியை எந்த விலையுயர்ந்த லிவராலும் மீற முடியாது. லிவரை லேசாக்குகிறோம் என்று விற்பவர்கள் ஒன்று தாங்குபுள்ளியிலிருந்து உள்ள தூரங்களை மாற்றியிருக்க வேண்டும், அல்லது உராய்வைக் குறைத்திருக்க வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

இந்த எளிய கணக்கில் கவனிக்கப்படாத ஒரு நுட்பம் உண்டு. தாங்குபுள்ளி கட்டைவிரல் பக்கமாக அமைந்திருப்பதால், வலுவான ஆள்காட்டி விரல் அதற்கு மிக அருகிலும், வலுக் குறைந்த சுண்டு விரல் மிகத் தொலைவிலும் விழுகின்றன. ஆள்காட்டி விரல் 75 மில்லிமீட்டரிலும் சுண்டு விரல் 150 மில்லிமீட்டரிலும் இருந்தால், ஒரே விசைக்குச் சுண்டு விரல் இரட்டிப்புத் திருப்புவிளைவைத் தருகிறது. ஆகவே இரண்டு விரல்களால் பிரேக் பிடிக்கப் பழகியவர்கள் லிவரின் நடுப்பகுதியை அழுத்தினால் அந்த நெம்பு நீளத்தில் ஒரு பகுதியை வீணாக்குகிறார்கள். லிவரைத் தாங்கும் பட்டையின் இரு போல்ட்டுகளையும் தளர்த்தி, ஹேண்டில்பாரின் நடுவை நோக்கி அதைச் சற்று உள்ளே தள்ளினால், அதே இரு விரல்களும் லிவரின் வெளி முனையருகே வந்து விழும். காசு செலவில்லாமல் பிரேக் லேசாகிவிடும். சுவிட்ச் பெட்டியும் கண்ணாடித் தண்டும் இடைமறிக்கும் வண்டிகளில் ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் நகர்த்த இயலாது என்றாலும், அந்த ஓரிரு சென்டிமீட்டரின் பயனைக் கை உடனே உணரும்.

அடுத்தது எட்டும் தூரம். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் உள்ளங்கையில் இல்லை. அவை முன்கையில் இருக்கின்றன, மணிக்கட்டைக் கடந்து செல்லும் நீண்ட தசைநாண்கள் வழியாக விரல் எலும்புகளை இழுக்கின்றன. தசை இழையின் உள்ளே மயோசின், ஆக்டின் என்ற இரு வகைப் புரத இழைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க, மயோசினின் நுண்தலைகள் ஆக்டினைப் பற்றி இழுப்பதால்தான் விசை பிறக்கிறது. தசை அதிகமாக நீண்டுவிட்டால் இரண்டும் படியும் பரப்பு குறைந்து பற்றும் தலைகளின் எண்ணிக்கையும் குறைகிறது. அதிகமாகச் சுருங்கிவிட்டால் இழைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. தவளைத் தசையின் ஒற்றை இழையில் இதை அளந்து காட்டிய கார்டன், ஹக்ஸ்லி, ஜூலியன் ஆகியோரின் 1966ஆம் ஆண்டு ஆய்வு உடலியலின் செவ்வியல் ஆய்வுகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. அதன் விளைவைக் கைப்பிடி வலுவை அளக்கும் கருவியிலும் காணலாம்: பிடியின் அகலம் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் இருக்கும்போது பெரும்பாலோரின் கை உச்ச வலுவைத் தருகிறது, அதைவிட விரிந்தாலும் குறுகினாலும் வலு சரிகிறது.

பிரேக் லிவர் ஓய்வில் இருக்கும் இடத்தைவிட, அது உண்மையில் பிடிக்கத் தொடங்கும் இடமே முதன்மையானது என்பது இதிலிருந்து விளங்கும். விரல் நுனியால் மட்டுமே தொடக்கூடிய தூரத்தில் பிரேக் பிடிக்கத் தொடங்கினால் தசை நீண்ட நிலையில் திணறுகிறது. கைப்பிடியை ஒட்டி வந்த பிறகே பிடித்தால் சுருங்கிய நிலையில் திணறுகிறது, அதோடு இரு விரல்களால் பிடிப்பவர்களின் மோதிர விரலும் சுண்டு விரலும் லிவருக்கும் கைப்பிடிக்கும் இடையே நசுங்குகின்றன. விரல்களின் நடுக்கணு லிவர் மீது படிய, இடைவெளியின் நடுப்பகுதியில் பிடி தொடங்குவதே நல்ல அமைப்பு.

எல்லாக் கைகளும் ஒரே அளவில் இல்லை என்பதைத் தயாரிப்பாளர்கள் அறிவார்கள். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலிருந்து தேப்குமார் சக்ரவர்த்தி 1997இல் வெளியிட்ட இந்தியர் உடல் அளவுத் தொகுப்பு, கை அளவுகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும், சிறியவருக்கும் பெரியவருக்கும் உள்ள வேறுபாட்டை வடிவமைப்பாளர்களின் பயனுக்காகவே அட்டவணைப்படுத்தியது. தமிழ்நாட்டில் வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதை மானியமாகத் தந்த அம்மா இருசக்கர வாகனத் திட்டம் 2018 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. கிராமங்களில் முதன்முறையாக வண்டி ஓட்டத் தொடங்கிய பெண்களின் கைகள், பெரிய கைகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்ட லிவர்களைச் சந்தித்தன. லிவரின் வேரில் ஒரு சிறு திருகை வைத்து எட்டும் தூரத்தை மாற்றிக்கொள்ளும் வசதி விலையுயர்ந்த வண்டிகளில்தான் வழக்கமாக வருகிறது. அந்த வசதி மிகத் தேவைப்படுவது குறைந்த விலை வண்டிகளில்தான். சில பல் வெட்டிய ஒரு சக்கரமும் ஒரு சுருள்வில்லும் கொண்ட இந்தச் சிறு பாகத்தை எல்லா வண்டிகளிலும் வைப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று.

எட்டும் தூரம் சரியாக இருந்தும் கோணம் தவறினால் பயனில்லை. மணிக்கட்டு நேராகவோ சற்றுப் பின்னோக்கி வளைந்தோ இருக்கும்போது விரல்கள் வலுவாக மடங்குகின்றன. முன்னோக்கி மடங்கிய மணிக்கட்டோடு எதையும் இறுகப் பற்ற முடியாது என்பதை யாரும் ஒரு நொடியில் சோதித்தறியலாம். லிவர் தரைக்கு இணையாக மேலே தூக்கி நின்றால், விரல்களை அதன் மீது வைக்க மணிக்கட்டைப் பின்னால் வெகுவாக வளைக்க நேரிட்டு, மணிக்கட்டின் குறுகிய எலும்புக் குகை வழியாகத் தசைநாண்களோடு நெருங்கிச் செல்லும் நடு நரம்பு அழுந்துகிறது. கட்டைவிரலும் முதல் இரு விரல்களும் மரத்துப்போவதற்கு வண்டியின் அதிர்வைக் குறை சொல்வது வழக்கம். பலருக்கு அதிர்வோடு இந்தக் கோணமும் சேர்ந்தே அந்தத் தொல்லையைத் தருகிறது. தீர்வு எளிது: வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, வழக்கமாக உட்காரும் நிலையில் உட்கார்ந்து, கைகளை இயல்பாக நீட்டி விரல்களையும் நீட்டினால், முன்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோட்டில் அமைய வேண்டும், அந்தக் கோட்டிலேயே லிவர் இருக்குமாறு பட்டையைச் சுழற்றி இறுக்க வேண்டும். உயரமானவருக்குச் சரியாக இருக்கும் கோணம் குள்ளமானவருக்குச் சரியாக இராது என்பதால், தந்தையும் மகனும் மாறி மாறி ஓட்டும் வண்டியில் அதிகம் ஓட்டுபவரின் கைக்கு அமைப்பதே முறை.

கிளட்ச் லிவரில் சோர்வு முக்கியமான கேள்வியாகிறது. தசையைத் தொடர்ந்து இறுக்கி வைத்தால் அதன் உள்ளழுத்தமே தன் இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது. உச்ச வலுவில் பாதியை ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்க இயலாது என்றும், நெடுநேரம் தாங்க வேண்டுமானால் 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றும் ஜெர்மானிய ஆய்வாளர் வால்டர் ரோமர்ட் 1960இல் காட்டினார். வலுவான கைக்கு உச்சத்தில் பத்தில் ஒரு பங்காக இருக்கும் கிளட்ச், வலுக் குறைந்த கைக்கு நான்கில் ஒரு பங்காகிவிடலாம். முன்னவர் சிதம்பரத்துக் கூட்டத்தில் வண்டியை முதல் கியரில் பிடித்தபடி நிற்கலாம், பின்னவருக்கு நியூட்ரல் போட்டுக் கையை விடுவித்துக்கொள்வதுதான் வழி.

கிளட்ச் கனமாகிவிட்டது என்று புது லிவர் தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியது கேபிளை. எஃகு இழைகளை முறுக்கிய உள்கம்பி, சுருள் உறைக்குள் நகரும் இந்த அமைப்புக்கு 1896இல் எர்னஸ்ட் பவுடன் காப்புரிமை பெற்றார். உறை வளையும் இடங்களில் எல்லாம் கம்பி உட்சுவரில் அழுந்தி உராய்கிறது. அந்த இழப்பு வளைவுகளின் மொத்தக் கோணத்தைப் பொறுத்து அடுக்குக்குறி முறையில் பெருகுகிறது. உராய்வுக் கெழு 0.15 என்று கொண்டால், மொத்தம் 90 பாகை வளைந்த கேபிளில் மறுமுனைக்குத் தேவைப்படுவதைவிட 27 விழுக்காடு கூடுதலாக இழுக்க வேண்டும். 180 பாகை வளைந்தால் 60 விழுக்காடு கூடுதலாக இழுக்க வேண்டும். ஹெட்லைட்டைச் சுற்றிக் கேபிளை மாற்றிச் செருகியதால் உண்டான ஒரே ஒரு தேவையற்ற வளைவு, புது லிவர் தரக்கூடிய லாபம் முழுவதையும் விழுங்கிவிடும். வடகிழக்குப் பருவமழையில் நனைந்து, கடலோரத்து ஈரக்காற்றில் துருவேறிய கேபிளில் உராய்வுக் கெழு இன்னும் கூடும்.

கேபிள் லிவரைச் சேரும் இடத்தை அருகில் பார்க்க வேண்டும். கம்பியின் முனையில் வார்த்த சிறு உலோக உருளை லிவரின் குழிக்குள் அமர்ந்திருக்கிறது. லிவர் மடங்கும் ஒவ்வொரு முறையும் அந்த உருளை குழிக்குள் சற்றே சுழல வேண்டும். எண்ணெய் வற்றிக் குழி காய்ந்துவிட்டால் உருளை சுழலாமல் நின்றுவிட, அதற்குப் பதிலாகக் கம்பியே அதன் கழுத்தில் மடங்கி நிமிர்கிறது. முதலில் ஓர் இழை அறுந்து மயிர்போல் சிலிர்த்து நிற்கும், பிறகு இரண்டு மூன்று, பிறகு ஒரு நாள் கிளட்ச் பிடிக்கும்போது முழுக் கம்பியும் கையோடு வந்துவிடும். லிவர் நுனியில் இருக்கும் வெற்று ஆட்டத்தை, மெக்கானிக்குகள் ஃப்ரீ பிளே என்பதை, பெரும்பாலான வண்டிகளுக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர் வைத்துக்கொண்டு, அந்தக் குழியில் அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் விடுவதே லிவர் பராமரிப்பில் பெரும்பகுதி. ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் கிளட்ச் தட்டுகள் முழுமையாகச் சேராமல் வழுக்கித் தேயும். ஆட்டம் அதிகமானால் அவை முழுமையாகப் பிரியாமல் கியர் முரண்டு பிடிக்கும்.

உராய்வு சோர்வை மட்டும் தருவதில்லை, உணர்வையும் மழுங்கடிக்கிறது. ஏற்கெனவே இருக்கும் அழுத்தத்தின் ஒரு குறிப்பிட்ட விகிதம் மாறினால்தான் அந்த மாற்றத்தைப் புலன் அறியும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வெபர் கண்டார். லிவரை அழுத்தவே பெரு விசை தேவையென்றால், டயர் வழுக்கத் தொடங்கும் சிறு மாற்றம் அந்தப் பெரு விசைக்குள் மறைந்துவிடும். நெல் காயும் சாலையில் இந்த உணர்வே வண்டியை நிமிர்த்தி நிறுத்துகிறது.

டிஸ்க் பிரேக்கில் கேபிளின் இடத்தைத் திரவம் எடுத்துக்கொள்கிறது. லிவர் ஒரு சிறு பிஸ்டனைத் தள்ள, அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதிப்படி, சக்கரத்தருகே உள்ள பெரிய பிஸ்டனில் விசை பரப்பின் விகிதத்தில் பெருகுகிறது. மேலே 12.7 மில்லிமீட்டர், கீழே 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன்கள் இருந்தால் பெருக்கம் ஏறத்தாழ 5.6 மடங்கு, லிவரின் ஐந்து மடங்கையும் சேர்த்தால் விரலின் விசை 28 மடங்காகிறது. வளைவு உராய்வு இல்லாத இந்த அமைப்பில் இரண்டு விரல்கள் போதும், மற்ற இரண்டும் கைப்பிடியை விடாமல் பற்றியிருக்கலாம். டிரம் பிரேக்கில், குறிப்பாகத் தேங்கிய நீரைக் கடந்து வந்த பிறகு, நான்கு விரல்களும் தேவைப்படும். அத்தகைய வண்டிக்கு அழகுக்காகக் குட்டை லிவர் மாட்டுவது, வலுவில்லாத பிரேக்கின் நெம்பு நீளத்தையும் குறைத்துவிடுவதாகும்.

முன் பிரேக் லிவரைத் தொடவே அஞ்சுபவர்கள் கிராமங்களில் நிறைய உண்டு. அந்த அச்சத்தைக் கணக்கு போக்கும். ஓட்டுபவரோடு 180 கிலோ எடையும், சக்கர அச்சுகளுக்கு இடையே 1.25 மீட்டரும், எடைமையம் 0.6 மீட்டர் உயரத்திலும் உள்ள வண்டி, புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.6 மடங்கில் வேகம் குறைந்தால், ஏறத்தாழ 52 கிலோ எடை பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரத்துக்கு இடம்பெயர்கிறது. நிற்கும்போது முன்னே 81, பின்னே 99 என்றிருந்த சுமை 133, 47 என்று மாறிவிடுகிறது. சுமை இருக்கும் சக்கரத்தில்தான் பிடிமானம் இருக்கும். பின் பிரேக்கை மட்டும் நம்புபவர், சுமை இறங்கிப்போன சக்கரத்தை நம்புகிறார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் ஓடுகிறது. எட்டாத லிவரைத் தேடி விரல் 0.2 நொடி கூடுதலாக எடுத்துக்கொண்டால், பிரேக் தொடங்குவதற்கு முன்பே மூன்று மீட்டருக்கு மேல் போய்விடுகிறது.

இவ்வட்டாரத்தில் காணும் ஒரு சிக்கல் இடது லிவரில் இருக்கிறது. ஜப்பானில் 1958இல் வந்த ஹோண்டா சூப்பர் கப், எஞ்சின் வேகமாகச் சுழலும்போது தானே விரிந்து பற்றிக்கொள்ளும் மையவிலக்குக் கிளட்சைக் கொண்டு கிளட்ச் லிவரையே நீக்கியது. ஓசூரிலிருந்து 1980இல் வந்த டிவிஎஸ் 50 மொபெட்டும், அதன் வழிவந்த எக்ஸ்எல் வண்டிகளும் கையால் இயக்கும் கிளட்ச் இல்லாதவையே. உர மூட்டையையும் புல்கட்டையும் சுமந்து வாய்க்கால் கரையில் ஓடும் அந்த வண்டிகளில் இரண்டு லிவர்களும் பிரேக். இடது கையில் இருப்பது பின் பிரேக். கியர் இல்லாத ஸ்கூட்டரிலும் அப்படியே. மோட்டார் சைக்கிளிலோ இடது லிவர் கிளட்ச். வயலுக்கு எக்ஸ்எல், டவுனுக்கு மோட்டார் சைக்கிள், மகளுக்கு ஸ்கூட்டர் என்று மூன்றும் நிற்கும் வீட்டில், ஒரே கை ஒரே இடத்தில் இரண்டு வேறு வேலைகளைச் செய்யப் பழக வேண்டியிருக்கிறது. நிதானமாக ஓட்டும்போது மூளை இதைச் சமாளித்துவிடும்; திடீரென ஆபத்து வரும்போது ஆழப் பதிந்த பழக்கமே முந்திக்கொள்ளும். மொபெட் பழக்கத்தில் மோட்டார் சைக்கிளின் இடது லிவரை இறுகப் பிடித்தால் பிரேக் விழாது, எஞ்சினின் தடுப்பும் விலகி வண்டி தடையின்றி ஓடும். மோட்டார் சைக்கிள் பழக்கத்தில் ஸ்கூட்டரின் இடது லிவரைக் கிளட்சாக எண்ணி அழுத்தினால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். மூன்று வண்டிகளிலும் மாறாமல் இருப்பது வலது லிவர் ஒன்றே, அது முன் பிரேக். பல வண்டிகளை மாற்றி ஓட்டும் குடும்பத்தில், மூன்றிலும் வலது லிவரின் கோணத்தையும் பிடி தொடங்கும் இடத்தையும் கூடியவரை ஒரேபோல் அமைத்து, அவசரத்தில் வலக்கை விரல்கள் தாமாகவே செயல்படப் பழக்குவது மிகப் பெரிய பாதுகாப்பு.

2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய வண்டிகளில், 125 சிசி வரை இரு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் கூட்டு பிரேக்கும், அதற்கு மேற்பட்டவற்றில் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பும் கட்டாயமாயின. கூட்டு பிரேக் உள்ள ஸ்கூட்டரிலும் மொபெட்டிலும் இடது லிவர் ஒரே நேரத்தில் இரு சக்கரங்களுக்கும் வேலை செய்வதால் அதன் ஆட்டத்தை அளவோடு வைத்திருப்பது முன்னைவிட அவசியமாகிறது.

லிவரை மாற்றியே ஆக வேண்டிய நிலை பெரும்பாலும் வண்டி விழுந்த பிறகுதான் வருகிறது. அலுமினியத்தை அச்சில் வார்த்துச் செய்த லிவர் மலிவானது, ஆனால் வளைந்ததை நிமிர்த்த முயன்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து பின்னொரு நாள் ஒடியும். அதை நிமிர்த்தாமல் மாற்றிவிடுவதே நல்லது. அடித்து உருவாக்கிய லிவரில் உலோகத்தின் மணியமைப்பு வடிவத்தோடு ஒத்தோடுவதால் ஒடியாமல் வளையும். கட்டி உலோகத்திலிருந்து கணினி இயந்திரத்தால் கடைந்த லிவர்கள் பல வண்ணங்களில் கிடைக்கின்றன. அவற்றில் பார்க்க வேண்டியது விரல் படும் விளிம்பு உருட்டப்பட்டிருக்கிறதா என்பதும், முனையில் உருண்டை இருக்கிறதா என்பதும்தான். முனை உருண்டையின் விட்டம் குறைந்தது 16 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று பன்னாட்டு மோட்டார் சைக்கிள் பந்தய விதிகள் சொல்வது, விழுபவரின் உடலில் கூர்முனை குத்தாமல் இருப்பதற்காகவே. ஒடிந்த நுனியோடு ஓடும் லிவர்கள் நம் சாலைகளில் எத்தனையோ. அவை ஒவ்வொன்றும் ஒரு கத்தி.

டிஸ்க் பிரேக்குக்கு வேறு கம்பெனி லிவர் மாட்டும்போது கட்டாயம் சோதிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. திரவக் கிண்ணத்தின் அடியில் ஊசித்துளை போன்ற ஓர் ஓட்டை இருக்கிறது. லிவர் ஓய்வில் இருக்கும்போது பிஸ்டன் அந்த ஓட்டைக்குப் பின்னால் நின்று அதைத் திறந்துவைக்கிறது, சூட்டில் விரியும் திரவம் அதன் வழியாகக் கிண்ணத்துக்குத் திரும்புகிறது. பொருந்தாத லிவரின் மூக்கு ஒரு மில்லிமீட்டர் நீண்டு பிஸ்டனை எப்போதும் அழுத்திக்கொண்டிருந்தால் ஓட்டை மூடியே இருக்கும். ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் சூடேறிய திரவம் திரும்ப வழியின்றி விரிந்து, பிரேக்கைத் தானே மேலும் இறுக்கி, அந்த இறுக்கத்தால் மேலும் சூடாகி, சில கிலோமீட்டரில் முன் சக்கரத்தைப் பூட்டிவிடக்கூடும். புது லிவரை மாட்டியதும் பிஸ்டனைத் தொடுவதற்கு முன் அதில் நூலிழை அளவு ஆட்டம் இருக்கிறதா என்று விரலால் ஆட்டிப் பார்க்க வேண்டும். தூர அமைப்புத் திருகு உள்ள லிவரானால் திருகின் எல்லா நிலைகளிலும் அதைப் பார்க்க வேண்டும். பிரேக் விளக்கின் சுவிட்ச் லிவரை விட்டதும் அணைகிறதா, ஹேண்டில்பாரை இருபுறமும் முழுக்கத் திருப்பும்போது லிவர் பெட்ரோல் டேங்கில் இடிக்கிறதா என்பவையும் அப்போதே தெரிந்துவிடும். பிறகு சென்டர் ஸ்டாண்டில் முன் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றி, பிரேக்கைச் சில முறை பிடித்து விட்டு, சக்கரம் முன்போலவே தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். பத்து நிமிட ஓட்டத்துக்குப் பின் டிஸ்க் சூடாக இருக்கும் நிலையிலும் இதே சோதனையை இன்னொரு முறை செய்ய வேண்டும்.